கணினியில் சிதறிக் கிடக்கும் சாவிகளைத் தேடிப் பிடிக்க எந்தக் கருவி?

கடவுச்சொல், ஏபிஐ சாவி (ஒரு நிரல் இன்னொரு சேவையை அணுகக் காட்டும் சாவி), அணுகல் டோக்கன் போன்றவை தவறுதலாக வெளியே போய்விடுவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தோடு நின்றுவிடுகிறது. மாற்றத்தை அதில் பதியும்போதே, அதாவது கமிட் செய்யும்போதே தடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் நிரலாளர் ஒருவரின் கணினியில் இருக்கும் இரகசியங்களில் பல, எந்தக் களஞ்சியத்துக்குள்ளும் ஒருபோதும் நுழைவதில்லை. பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் கூகுள் சேவைக் கணக்கின் ஜேசன் கோப்பு, டோக்கனோடு சேர்த்துத் தட்டச்சு செய்யப்பட்டு, முனையத்தில் இட்ட கட்டளைகளைச் சேமிக்கும் ஷெல் வரலாற்றில் பதிந்துபோன கர்ல் கட்டளை, நிரலின் அமைப்பு மதிப்புகளைத் தாங்கும் ‘.என்வ்’ கோப்பை மாற்றும் முன் எடுத்து வைத்த பழைய நகல், தரவுத்தளக் கடவுச்சொல்லை அப்படியே தாங்கியிருக்கும் டெராஃபார்ம் (மேகக் கட்டமைப்பை உருவாக்கும் கருவி) நிலைக் கோப்பு, வெளியீட்டுப் பகுதியில் சாவியை அச்சிட்டு விட்ட ஜூப்பிட்டர் நோட்டுப்புத்தகம் என்று அந்தப் பட்டியல் நீளும். கிட்டைக் காவல் காக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இவை தட்டுப்படுவதில்லை.

இந்தக் கோப்புகளைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அண்மைச் சான்று 2025 செப்டம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான என்பிஎம் பொதிகளில் பரவிய ஷாய்-ஹுலுத் புழு. 500-க்கும் மேற்பட்ட பொதிகளைத் தொற்றிய அந்தப் புழு, தான் நுழைந்த கணினியில் டிரஃபிள்ஹாக் என்னும் திறந்த மூலத் தேடுகருவியைப் பதிவிறக்கி ஓட்டி, வட்டில் இருந்த சாவிகளைச் சேகரித்தது. அதாவது, நாம் இங்கே ஒப்பிடப் போகும் கருவிகளில் ஒன்றையே தாக்குகிறவர்களும் கையில் எடுத்தார்கள். 2022-இல் ஊபர் நிறுவனத்தின் உள்வலைக்குள் நுழைந்தவர், பகிர்வுக் கோப்புறை ஒன்றில் இருந்த பவர்ஷெல் நிரலில் நிர்வாகியின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருந்ததாகத் தாமே தெரிவித்தார். 2023 அக்டோபரில் ஒக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்பு ஊடுருவப்பட்டபோது, சிக்கலை விளக்குவதற்காக வாடிக்கையாளர்கள் பதிவேற்றியிருந்த எச்ஏஆர் கோப்புகளில் (உலாவியின் வலைப் போக்குவரத்துப் பதிவுகள்) இருந்த, உள்நுழைந்த நிலையைக் காட்டும் செஷன் டோக்கன்கள் திருடுபோயின. இந்தக் கடைசி இரண்டில் கைக்குச் சிக்கியது, யாரோ ஒருவர் தம் வேலை முடிவதற்காக எழுதியோ ஏற்றுமதி செய்தோ வைத்த சாதாரணக் கோப்பு.

ஆகவே கணினிக் கோப்புகளைத் துழாவுவதற்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, கிட்டுக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும் அதே அளவுகோல் போதாது. என் கருத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கிட் புறக்கணிக்கும் கோப்புகளையும் அந்தக் கருவி பார்க்கிறதா என்பது ஒன்று. தேடிக் கண்டுபிடித்த இரகசியத்தை அது எங்கெல்லாம் கொண்டு போகிறது, அதாவது திரையில் அச்சிடுகிறதா, அறிக்கையில் நகலெடுக்கிறதா, இணையத்தின் வழியே யாருக்காவது அனுப்புகிறதா என்பது மற்றொன்று. எத்தனை வகைச் சாவிகளைத் தெரியும், எவ்வளவு வேகம் என்பவையெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கின்றன

கருவிகளுக்கிடையே உள்ள வேறுபாடு புரிய, அவை இரகசியத்தை அடையாளம் காணும் வழிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் வழி, சாவியின் தோற்றம். அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் நீண்டகால அணுகல் சாவியின் அடையாளம் 20 எழுத்துகள் கொண்டது. அது எப்போதும் ஏ, கே, ஐ, ஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். கிட்ஹப் 2021 ஏப்ரலில் தன் டோக்கன்களுக்கு வகையைக் காட்டும் முன்னொட்டைச் சேர்த்ததோடு, கடைசி 6 எழுத்துகளைச் சரிபார்ப்புத் தொகையாகவும் ஆக்கியது. அதனால் கண்ணில் பட்டது டோக்கன் வடிவிலானதுதானா என்பதை இணையத்தைத் தொடாமலேயே ஒரு நிரலால் சொல்லிவிட முடியும். இப்படிப்பட்ட சாவிகளை எந்தக் கருவியும் எளிதில் பிடித்துவிடும்.

தொல்லை தருபவை அடையாளமே இல்லாதவை. அதே ஏடபிள்யூஎஸ் சாவியின் இரகசியப் பாதி 40 எழுத்துகள் நீளமுள்ளது. அதற்கு முன்னொட்டு எதுவும் கிடையாது. கிட் கமிட்டின் அடையாளமான ஹாஷ் மதிப்பும் பொதுவாக 40 எழுத்துகள்தான். இங்கேதான் இரண்டாவது வழியாக, எழுத்துகள் எவ்வளவு ஒழுங்கற்றுக் கலந்திருக்கின்றன என்பதை அளக்கும் ஷானனின் என்ட்ரோபி அளவு உதவிக்கு வருகிறது. பதினாறு எழுத்துகளை மட்டும் பயன்படுத்தும் ஹெக்ஸ் சரத்தில் ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 4 பிட் என்ட்ரோபிதான் இருக்க முடியும். 64 எழுத்துகளைப் பயன்படுத்தும் பேஸ்64 சரத்தில் அது 6 வரை போகும். பின்னால் வரும் டிடெக்ட்-சீக்ரெட்ஸ் கருவி ஹெக்ஸுக்கு 3.0, பேஸ்64-க்கு 4.5 என்று இயல்பு வரம்பு வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் பொதிகளின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் வரிசையாக நிற்கும் ஹாஷ்கள், யுயுஐடி என்னும் தனித்த அடையாளங்கள், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும் இந்த வரம்பைத் தாண்டிவிடும். மறுபுறம், ‘வெல்கம்123’ போல மனிதர் வைத்த கடவுச்சொல் வரம்பின் கீழேயே நழுவிப்போகும். என்ட்ரோபியை மட்டும் நம்பிய தேடல் தேவையற்றதை அள்ளிக்கொட்டும், தேவையானதை விட்டுவிடும்.

மூன்றாவது வழி, கிடைத்த சாவியை உரிய சேவையிடமே கொடுத்து அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது. அதன் நன்மையும் அபாயமும் டிரஃபிள்ஹாக்கைப் பற்றிப் பேசும்போது வரும்.

கையால் தேடுவது

இரகசியத் தேடலுக்கென்று தனிக் கருவி எதையும் நிறுவாமல் கிரெப், ரிப்கிரெப் என்னும் உரைத் தேடல் கட்டளைகளைக் கொண்டு தேடுவதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். உங்கள் நிறுவனத்தின் உள் டோக்கன் எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒரு முன்னொட்டைத் தேட இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ரிப்கிரெப் இயல்பாகவே மறைந்த கோப்புகளையும், கிட் புறக்கணிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோரில் குறிப்பிடப்பட்ட கோப்புகளையும், பைனரிக் கோப்புகளையும் தவிர்த்துவிடும். ‘.என்வ்’ கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் அது மறைந்த கோப்பு. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் திட்டத்தில் அது கிட்இக்னோரிலும் இருக்கும். ஆக, இரகசியம் இருக்க அதிக வாய்ப்புள்ள கோப்பே இரண்டு காரணங்களால் விடுபட்டு, ‘எதுவும் இல்லை’ என்ற நிம்மதியான விடை திரையில் வந்து நிற்கும். நிரல் எழுதும் தொகுப்பியான விஎஸ் கோடின் தேடல் பெட்டியும் உள்ளே ரிப்கிரெப்பையே பயன்படுத்துகிறது. புறக்கணிப்புக் கோப்புகளை அதுவும் இயல்பாக மதித்து நடக்கும். இந்தத் தவிர்ப்புகளை அணைக்க ‘யு’ என்ற விருப்பத்தேர்வை மூன்று முறை கொடுக்க வேண்டும். அதோடு, பொருந்திய வரியைக் காட்டாமல் கோப்பின் பெயரை மட்டும் காட்டும் சிறிய ‘எல்’ விருப்பத்தேர்வையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் தேடிக் கிடைத்த சாவி முனையத்தின் திரையில் அப்படியே விரியும். அந்த நேரத்தில் திரைப் பகிர்வு ஓடிக்கொண்டிருந்தால், தேடலே கசிவாகிவிடும்.

ஏடபிள்யூஎஸ் லேப்ஸ் வெளியிட்ட கிட்-சீக்ரெட்ஸ் என்ற ஷெல் நிரலைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. அதன் வேலை, கமிட் செய்யும்போது தானாக ஓடும் கமிட் ஹூக்கில் நின்று தடுப்பது. உடன் வரும் வடிவங்கள் ஏடபிள்யூஎஸ் சாவிகளுக்கானவை. வட்டைத் துழாவும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கிட்லீக்ஸ்

கோ மொழியில் எழுதப்பட்டு எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் கிட்லீக்ஸ், பெயரில் கிட் இருந்தாலும் கிட் இல்லாத கோப்புறையையும் துழாவும். 8.19 பதிப்பில் அதன் கட்டளைகள் மாற்றியமைக்கப்பட்டன: களஞ்சிய வரலாற்றுக்கு ‘கிட்’, கோப்புறைக்கு ‘டிர்’, வேறொரு கட்டளையிலிருந்து குழாய் வழியாக வருவதற்கு ‘எஸ்டிடின்’ என்று மூன்று துணைக்கட்டளைகள். பழைய வழிகாட்டிகளில் காணப்படும் ‘டிடெக்ட்’, ‘புரொடெக்ட்’ ஆகியவை கைவிடப்படும் நிலையில் உள்ளவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘டிர்’ கட்டளையிலிருந்து தொடங்கலாம்.

நான் முன்வைத்த இரண்டு கேள்விகளுக்கும் இதன் விடை தெளிவானது. கோப்புறையைத் துழாவும்போது அது கிட்இக்னோரைக் கருத்தில் கொள்வதில்லை, ஆகவே ‘.என்வ்’ தப்பாது. கண்டுபிடித்த சாவி சரியா என்று கேட்க அது இணையத்துக்கும் போவதில்லை. ‘ரெடாக்ட்’ விருப்பத்தேர்வைக் கொடுத்தால் திரையிலும் அறிக்கையிலும் இரகசியம் மறைக்கப்பட்டு, எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த விதி என்பவை மட்டும் கிடைக்கும். பேஸ்64-இல் பொதிந்தவற்றை அவிழ்த்துப் பார்க்கவும், ஜிப் போன்ற காப்பகக் கோப்புகளின் உள்ளே எத்தனை அடுக்கு வரை போகலாம் என்று சொல்லவும் தனித்தனி விருப்பத்தேர்வுகள் அண்மைப் பதிப்புகளில் உள்ளன. இதில் முதலாவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு கொள்கலன் கருவியான டாக்கரின் அமைப்புக் கோப்பு ஒன்றே போதும்: கடவுச்சொற்களைக் காக்கும் துணை நிரல் எதையும் இணைக்காத கணினியில், டாக்கர் உள்நுழைவு விவரங்கள் பயனரின் வீட்டுக் கோப்புறையில் பேஸ்64 வடிவில் எழுதப்படுகின்றன. பார்க்கும் கண்ணுக்குக் குறியாக்கம் போலத் தோன்றினாலும், அது யாரும் ஒரு நொடியில் திருப்பிவிடக்கூடிய எழுத்து மாற்றம்தான்.

இதன் குறை, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் நாமே பார்த்து மதிப்பிட வேண்டியிருப்பது. ஒரு விதியின் பேரில் நாற்பது எச்சரிக்கைகள் வந்தால், அவற்றில் எது இன்னும் வேலை செய்யும் சாவி, எது ஆவணத்தில் எழுதிய மாதிரி என்பதைக் கருவி சொல்லாது. மாதிரி வரிகளுக்குப் பக்கத்தில் அனுமதிக் குறிப்பு எழுதலாம். அல்லது கண்டுபிடிப்பின் கைரேகையைப் புறக்கணிப்புக் கோப்பில் சேர்க்கலாம். இந்தச் சலிப்பான வேலையை முதல் முறை முழுமையாகச் செய்து முடித்தவர்களுக்குத்தான் அடுத்த முறை அறிக்கை பயன்படும். நிறுவனத்துக்கே உரிய டோக்கன் வடிவங்களை டாமல் வடிவ அமைப்புக் கோப்பில் சொந்த விதிகளாக எழுதிக்கொள்ள முடிவது, இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது.

டிரஃபிள்ஹாக்

2016-இல் பைத்தான் நிரலாகத் தோன்றி, பின்னர் கோ மொழியில் மறுபடி எழுதப்பட்ட டிரஃபிள்ஹாக், மாற்றிய நிரலின் மூலத்தையும் வெளியிடக் கோரும் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. தங்கள் தயாரிப்புக்குள் அதைப் பொதிந்து விற்க எண்ணுகிறவர்கள் இந்த உரிமத்தைப் படித்தாக வேண்டும். தன் கணினியில் ஓட்டிப் பார்க்கிறவருக்கு அது தடையில்லை. 800-க்கும் மேற்பட்ட சேவைகளுக்கான கண்டுபிடிப்பான்களைக் கொண்டிருப்பதும், அவற்றில் பலவற்றுக்கு நேரடிச் சரிபார்ப்பு இருப்பதும் இதன் வலிமை. கோப்புறையைத் துழாவ ‘ஃபைல்சிஸ்டம்’ என்ற துணைக்கட்டளை உண்டு.

ஏடபிள்யூஎஸ் சாவி ஒன்று கிடைத்தால், அந்தச் சாவியைக் கொண்டே ‘நான் யார்’ என்று ஏடபிள்யூஎஸ்ஸிடம் கேட்கும் ஒரு தீங்கற்ற அழைப்பைச் செய்து பார்த்து, விடை வந்தால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று டிரஃபிள்ஹாக் குறிக்கிறது. சேவை மறுத்தால் ‘சரிபார்க்கப்படாதது’. வலைப்பிழையால் விடையே வராவிட்டால் ‘தெரியாதது’. இந்த மூன்றாம் வகையைத் தனியே பிரித்துக் காட்டுவதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் விடை வராததை ‘செத்த சாவி’ என்று எடுத்துக்கொள்வதைப் போல ஆபத்தானது வேறில்லை. பல ஆண்டுகள் சேர்ந்த கோப்புகளைத் துழாவும்போது, இன்றும் கதவைத் திறக்கும் சாவிகளை மட்டும் முதலில் பொறுக்கிக் கொடுப்பது பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஆனால் அந்தச் சரிபார்ப்பின்போது உங்கள் கணினி இன்னொருவரின் சேவையோடு பேசுகிறது என்பதை மறக்கக் கூடாது. உங்கள் சாவிகளை நீங்களே சோதிப்பதில் பிழை இல்லை. வாடிக்கையாளர் ஒப்படைத்த கோப்புகளைத் துழாவும்போது, அதிலிருக்கும் சாவியைக் கொண்டு அவர்களுடைய கணக்கில் உள்நுழைந்து பார்ப்பதற்கு உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்த அழைப்பு அவர்களின் பதிவேடுகளில் உங்கள் ஐபி முகவரியோடு பதியும். பொறியாக வைக்கப்பட்ட சாவியாக இருந்தால் எச்சரிக்கை மணியும் அடிக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் சரிபார்ப்பை அணைக்கும் விருப்பத்தேர்வோடுதான் ஓட்ட வேண்டும். இரண்டாவது கவனம்: டிரஃபிள்ஹாக் இயல்பான வெளியீட்டில் கிடைத்த சாவியை முழுமையாக அச்சிடும். அந்த வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து மின்னஞ்சலில் அனுப்பினால், பல இடங்களில் சிதறிக் கிடந்த இரகசியங்களை ஒரே இடத்தில் தொகுத்துக் கொடுத்ததாகிவிடும்.

மேலும், அதன் கண்டுபிடிப்பான்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட சேவைகளுக்கானவை. இணைப்பு முகவரிக்குள் பொதிந்த கடவுச்சொல்லைப் பிடிக்கும். ஆனால் அமைப்புக் கோப்பின் ஒரு வரியில் ‘பாஸ்வேர்டு’ என்ற பெயருக்கு எதிரே எழுதிய சாதாரணச் சொல்லை அது எதிர்பார்ப்பதில்லை. ஊபர் நிகழ்வில் சொல்லப்பட்டது போன்ற நிர்வாக நிரல்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

டிடெக்ட்-சீக்ரெட்ஸும் ஜிஜிஷீல்டும்

அந்த வகையைப் பிடிப்பதில் யெல்ப் நிறுவனம் வெளியிட்ட டிடெக்ட்-சீக்ரெட்ஸ் முன்னே நிற்கிறது. மாறியின் பெயரைப் பார்த்து ஐயப்படும் கண்டுபிடிப்பான் அதில் உண்டு. மதிப்பின் என்ட்ரோபி குறைவாக இருந்தாலும் அது விடாது. பழைய, பெரிய நிரல்தொகுப்பை வைத்திருக்கும் குழுக்களுக்காகவே அது எழுதப்பட்டது: இருப்பதையெல்லாம் முதலில் ஓர் அடிப்படைப் பதிவாக எழுதிக்கொண்டு, இனிமேல் புதிதாக நுழைவதை மட்டும் தடுக்கும். ‘ஆடிட்’ கட்டளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது உண்மையான இரகசியமா என்று கேட்டுப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு, இந்த ஒப்பீட்டில் உள்ள கருவிகளிலேயே மிகச் செம்மையானது.

கணினிக் கோப்புகளுக்கு அதைப் பயன்படுத்துகிறவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். இயல்பாக அது கிட் கண்காணிக்கும் கோப்புகளை மட்டுமே பார்க்கும். எல்லாக் கோப்புகளையும் பார்க்கச் சொல்லித் தனியே ஆணையிட வேண்டும். அடுத்தது, அடிப்படைப் பதிவில் இரகசியம் நேரடியாக இல்லாமல் எஸ்எச்ஏ-1 ஹாஷாக இருக்கிறது. நீண்ட சாவிக்கு இது போதுமான பாதுகாப்பு. ஆனால் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லின் ஹாஷை, சொற்பட்டியலைக் கொண்டு விரைவில் உடைத்துவிடலாம். அந்தப் பதிவுக் கோப்பு களஞ்சியத்துக்குள் போகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சில வகைச் சாவிகளுக்கு இதிலும் இணைய வழிச் சரிபார்ப்பு உண்டு. தேவையில்லாதவர்கள் அதை அணைத்துவிடலாம்.

கிட்கார்டியன் நிறுவனத்தின் ஜிஜிஷீல்டு வேறு அடித்தளத்தில் நிற்கிறது. கட்டளை உங்கள் கணினியில் ஓடினாலும், கண்டுபிடிக்கும் வேலை அவர்களின் சேவையகத்தில் நடக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் ஏபிஐ வழியாக அங்கே போய் ஆராயப்படுகிறது. கண்டுபிடிப்பான்களைப் புதுப்பிக்கும் சுமை பயனருக்கு இல்லை. நூறு பேர் கொண்ட குழுவின் கண்டுபிடிப்புகளை ஒரே பலகையில் பின்தொடரவும் முடியும். எனினும், எதுவெல்லாம் இருக்கிறது என்றே தெரியாத ஒரு வீட்டுக் கோப்புறையின் உள்ளடக்கத்தை வெளியே அனுப்பித் தேடுவதை, நிறுவனத்தின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திட்டக் கோப்புறைகளுக்கு மட்டும் வரம்பிட்டுப் பயன்படுத்துவது வேறு.

யாருக்கு எது

தனியாக வேலை செய்கிறவருக்கும் சிறு குழுவுக்கும் நான் தயங்காமல் சொல்வது கிட்லீக்ஸின் ‘டிர்’ கட்டளையை, மறைத்துக் காட்டும் விருப்பத்தேர்வோடு, மாதம் ஒருமுறையாவது திட்டக் கோப்புறையிலும் பதிவிறக்கக் கோப்புறையிலும் ஓட்டுவது. இணையம் தேவையில்லை, உரிமச் சிக்கல் இல்லை, அறிக்கையும் ஆபத்தில்லாதது. பல ஆண்டுகள் பயன்படுத்திய கணினியை முதன்முறையாகத் துழாவுகிறவரும், கணினி ஊடுருவப்பட்டிருக்கலாம் என்று ஐயப்படுகிறவரும் டிரஃபிள்ஹாக்கை எடுக்கலாம். எந்தச் சாவியை முதலில் செல்லாததாக்குவது என்ற அவசரக் கேள்விக்கு விடை அதனிடம்தான் இருக்கிறது. ஐயத்துக்குரிய கணினியிலேயே அதை ஓட்டாமல், வட்டின் நகலை வேறொரு கணினியில் இணைத்து ஓட்டுவது நல்லது. நிர்வாக நிரல்கள், பழைய அமைப்புக் கோப்புகள் நிறைந்த பகிர்வுக் கோப்புறைக்கு டிடெக்ட்-சீக்ரெட்ஸ். இரண்டு கருவிகளைச் சேர்த்து ஓட்டுவது மிகையாகாது. ஒன்று பார்க்காததை மற்றொன்று பார்க்கிறது என்பது மேலே சொன்னவற்றிலிருந்தே தெரியும்.

எந்தக் கருவியானாலும், வீட்டுக் கோப்புறையைக் காட்டும்போது உரிய இடத்தில் இருக்கும் சாவிகளும் எச்சரிக்கையாக வரும். ஏடபிள்யூஎஸ் நற்சான்றுக் கோப்பு, என்பிஎம் அமைப்புக் கோப்பு, கிட் தன் கடவுச்சொற்களை வெற்றெழுத்தில் சேமிக்கும் கோப்பு, தொலைக் களஞ்சிய முகவரிக்குள்ளேயே டோக்கனை ஒட்டி வைத்திருக்கும் கிட் அமைப்புக் கோப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றைப் பொய் எச்சரிக்கை என்று புறக்கணிப்புப் பட்டியலில் தள்ள எனக்கு மனமில்லை. ஷாய்-ஹுலுத் போன்ற நிரல் தேடிப் போவது இவற்றைத்தான். இயங்குதளத்தின் சாவிப்பெட்டகத்துக்கோ, சில மணி நேரமே செல்லும் தற்காலிகச் சாவிகளுக்கோ மாற முடிந்தவரை மாறிவிட வேண்டும். தொலைக் கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் தனிச்சாவிக்கும் இது பொருந்தும்: இன்றைய ஓபன்எஸ்எஸ்எச் வடிவத்தில், கடவுத்தொடர் இட்ட சாவிக்கும் இடாத சாவிக்கும் தலைப்பு வரி ஒன்றே என்பதால், எச்சரிக்கையைப் பார்த்து மட்டும் ஆபத்தை அளக்க முடியாது, அந்தச் சாவிக்குக் கடவுத்தொடர் இருக்கிறதா என்று தனியே சோதிக்க வேண்டும்.

வெளியே போயிருக்கலாம் என்று ஐயம் உள்ள சாவி கண்டுபிடிக்கப்பட்டால், கோப்பை அழிப்பதற்கு முன் அந்தச் சாவியை வழங்கிய சேவையிடம் போய் அதைச் செல்லாததாக்கி, புதியதை வாங்க வேண்டும். கோப்பை முதலில் அழித்துவிட்டால், எந்தச் சாவியை மாற்ற வேண்டும் என்ற தடயமும் கையை விட்டுப் போய்விடுகிறது. மேகச் சேமிப்பில் ஒத்திசைந்த நகலும் காப்பு நகலும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லாவற்றையும் மாற்றி முடித்தபின், துழாவிய கருவி இரகசியங்களை மறைக்காமல் எழுதிய அறிக்கைக் கோப்பு இருந்தால் அதையும், ஷெல் வரலாற்றில் பதிந்த தேடல் சொற்களையும் சேர்த்து நீக்க வேண்டும்.